14 மாதத்தில் மூன்று முறை கேஸ் போட்டாயிற்று. இனி டேஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

காரின் ஏ.சி. பற்றி ஒரு வாசகர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வண்டியின் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு வயதான பெட்ரோல் கார். பானெட்டின் உட்புறம் ஒட்டிய சீட்டில் ‘ஆர்-134ஏ, 480 கிராம்’ என்று ஏ.சி. கேஸின் வகையும் அளவும் அச்சிட்டிருக்கிறது. 14 மாதங்களுக்கு முன் குளிர்ச்சி குறைந்ததால் கேஸ் நிரப்பினார். அது ஏழு மாதம் தாங்கியது. இரண்டாம் முறை நிரப்பியது நான்கு மாதம் தாங்கியது. மூன்றாம் முறை ஏழே வாரம். இப்போது பழைய குளிர்ச்சியில் பாதிகூட இல்லை. முதல் இரண்டு முறை நிரப்பிய மெக்கானிக், “வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் போடுவது சகஜம்” என்றாராம். அடுத்தவர் வேக்குவம் போட்டு, அதாவது குழாய்களுக்குள் இருப்பதை பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கி, 15 நிமிடம் காத்திருந்து, முள் அசையவில்லை, எனவே கசிவு இல்லை என்று சொல்லி நிரப்பி அனுப்பினார். மூன்றாமவர் கேஜ் மாட்டிப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திய நிலையில் 95 பி.எஸ்.ஐ. காட்டியது. “அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது” என்றார். சோப்பு நுரையும் தடவினார், ஒன்றும் தெரியவில்லை. “வெளியே இல்லை என்றால் உள்ளே கூலிங் காயிலில்தான், டேஷ்போர்டை முழுசாக இறக்கணும்” என்று சொல்லிவிட்டார். (காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்தான் கூலிங் காயில், டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.) வாசகரின் அண்ணனோ, கசிவை அடைக்கும் மருந்து டப்பாவில் கிடைக்கிறது, அதை ஏற்றினால் வேலை முடிந்தது என்கிறார்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள சிறு பிள்ளை இருக்கிறது. சில வாரங்களாகக் காருக்குள் இனிப்பான ஒரு வாடை. ஏ.சி. நன்றாக ஓடிய நாட்களில் வண்டிக்கு அடியில் தண்ணீரும் சொட்டியிருக்கிறது. இரண்டும் கேஸ் கசிவதன் அடையாளமோ என்று பயப்படுகிறார். டேஷ்போர்டைக் கழற்றலாமா, மருந்தை ஏற்றலாமா, பிள்ளைக்கு ஆபத்தா என்பவை அவருடைய கேள்விகள். இவை போக, கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: கார் கழுவும்போது முன்பக்கக் கிரில்லுக்குள் கீழ் மூலையில் மட்டும் புழுதி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்குமாம், தேய்த்து எடுத்தாலும் சில வாரத்தில் திரும்ப வந்துவிடுமாம்.

இனி அவருக்கு என் பதில்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். அந்த வரிக்குச் சற்று நேரத்தில் வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: டேஷ்போர்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், மருந்து டப்பாவையும் திறக்காதீர்கள். இதுவரை மூன்று பேர் உங்கள் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் கசிவை முறையாக ஒருவரும் தேடவில்லை.

கேஸ் தானாகத் தீர்வதில்லை

“வருடத்துக்கு ஒரு தடவை சகஜம்” என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். குழாய்களும் பற்றவைத்தவையே. கேஸ் வெளியேற வழியில்லை. காரில் அப்படிச் செய்ய முடியாது. கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட் சுற்றுகிறது. அதற்காக ஒரு தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அந்த இடத்தை ஒரு சீல் மட்டும் காக்கிறது. இன்ஜின் ஆடும் என்பதால் ரப்பர் ஹோஸ்கள் தேவை. இணைப்புகளில் எல்லாம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இவற்றின் வழியாக நல்ல வண்டியிலும் வருடத்துக்குச் சில கிராமிலிருந்து பத்து இருபது கிராம் வரை போகத்தான் செய்யும். ஆனால் அந்த வேகத்தில் 480 கிராமில் பாதி குறையப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஏழு வாரத்தில் ஆகாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு வாரம் என்றால் 49 நாள். பாதி கேஸ், அதாவது 240 கிராம் போயிருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து கிராம். கசியும் கேஸை முகர்ந்து கண்டுபிடிக்கும் நல்ல மின்னணு மோப்பக் கருவிகளுக்கு எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே2791 என்று ஒரு தரநிலை உண்டு. அதன்படி கருவி *வருடத்துக்கு* நான்கு கிராம் கசிவைக்கூடப் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஒரு நாளிலேயே அதைவிட அதிகம் போகிறது. கண்ணுக்குத் தெரியாத மர்மக் கசிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது தேடினால் அகப்படும் கசிவு. ஏழு மாதம், நான்கு மாதம், ஏழு வாரம் என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தால் ஓட்டையும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அந்த 240 கிராம் என் ஊகம். மூன்று முறையும் எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் போட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. உங்கள் ரசீதிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். எடை தெரியாமல் கேஸ் போடுவது தராசு இல்லாமல் தங்கம் விற்பது மாதிரி.

95 பி.எஸ்.ஐ.யும் அசையாத முள்ளும்

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கேஜ் காட்டுவது வெப்பநிலையை. கேஸின் அளவை அல்ல. ஆர்-134ஏ உள்ளே கொஞ்சம் திரவமாக இருக்கும் வரை, 30 டிகிரி செல்சியஸில் அழுத்தம் சுமார் 97 பி.எஸ்.ஐ.தான், 25 டிகிரியில் 82 அளவில் நிற்கும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி, 480 கிராம் இருந்தாலும் சரி, அதே எண். சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தானே எவ்வளவு மீதி என்று தெரிந்துகொள்கிறோம்? அதே கதைதான். ஆக, உங்களுக்கு வந்த 95, ‘உள்ளே ஓரளவு கேஸ் இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வேக்குவம் சோதனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய நல்ல மெக்கானிக்குகளே இதில் ஏமாந்துபோகிறார்கள். வேக்குவம் போடுவதன் முதல் வேலை உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து வெளியேற்றுவது. கசிவு பார்க்கும் கருவியாக அது ரொம்பப் பலவீனம். உள்ளே காற்றே இல்லை என்றால் வெளியிலிருந்து தள்ளும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவுதான். ஏ.சி. ஓடும்போதோ உயர் அழுத்தப் பக்கத்தில் 12 முதல் 18 பார் வரை (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) *உள்ளிருந்து வெளியே* தள்ளும். ஓ-ரிங்கும் தண்டு சீலும் உள்ளே இழுக்கும்போது நன்றாகப் பொருந்தி உட்கார்ந்துவிடவும் கூடும்.

கணக்கிலும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் ஆர்-134ஏ என்றால், வாயுவாக ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் கீழே. வேக்குவத்தில் இதே ஓட்டை வழியாக நிமிடத்துக்கு முழுதாக ஒரு மில்லிலிட்டர் காற்று உள்ளே நுழைகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம் (உண்மையில் இன்னும் மிகக் குறைவு). 15 நிமிடத்தில் 15 மில்லிலிட்டர். குழாய்களுக்குள் மொத்த இடம் இரண்டு லிட்டர் என்றால், முள் தன் முழு வீச்சில் நூறில் ஒரு பங்குகூட நகராது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. வேக்குவம் நிற்கவில்லை என்றால் கசிவு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நின்றுவிட்டால் பெரிய ஓட்டை இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம்.

அந்த எண்ணெய்ப் பிசுக்கு

கம்ப்ரஸருக்கு உயவு கொடுக்கும் எண்ணெய் கேஸோடு கலந்துதான் குழாய்களில் சுற்றி வரும். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் நூல் நூலாகக் கசியும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் அங்கேயே நின்று புழுதியைப் பிடித்துக்கொள்ளும். கிரில்லுக்குப் பின்னால் முதலில் இருப்பது கண்டென்சர், கேஸின் சூட்டை வெளிக்காற்றில் விடும் பாகம், ஏ.சி.யின் உயர் அழுத்தப் பக்கம். சாலையில் தெறிக்கும் கற்களை வாங்குவதும், சேறும் ஈரமும் கீழ் ஓரத்தில் தங்கி அலுமினியத்தை அரிப்பதும் அங்கேதான். வண்டி முன்னால் போகும்போது காற்று முன்னிருந்து பின்னே அடிக்கிறது. இன்ஜின் எண்ணெய் எதிர்க்காற்றில் நீந்தி கண்டென்சரின் முன்முகத்துக்கு வந்து ஒரே மூலையில் திரும்பத் திரும்பப் படிவதற்கு வாய்ப்பு குறைவு.

சோப்பு நுரை ஏன் இதைக் காட்டவில்லை? அடர்ந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவில் நுரை வழிந்து ஓடிவிடும், குமிழி வந்தாலும் மறைந்துபோகும். மூன்றாமவர் அந்த மூலையில் தடவினாரா என்பதே சந்தேகம். பெரும்பாலும் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இணைப்புகளில்தான் தடவுவார்கள். கண்டென்சரின் கீழ் மூலையைப் பார்க்க முன் பம்பரையோ அடியில் உள்ள மறைப்பையோ கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

இதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முதல் சந்தேகம் மட்டுமே. நேரில் பார்க்காமல் ஒரு பாகத்தைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, அப்புறம் அசடு வழிந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒருமுறை ஏ.சி. காற்று வரும் வாயில் மோப்பக் கருவி கத்தியதும் கூலிங் காயில்தான் என்று முடிவுகட்டி டேஷ்போர்டை இறக்கிவிட்டேன். காயிலை எடுத்து, நைட்ரஜன் கொடுத்துத் தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழி வரவில்லை. கசிந்தது இன்ஜின் பக்கத்தில், எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் போகும் முன் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) இணைப்பில் இருந்த ஓ-ரிங். அங்கே கசிந்த கேஸைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வெளிக்காற்று வாய் உறிஞ்சி உள்ளே அனுப்பியிருக்கிறது. ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக இரண்டு நாள் வேலை. வாடிக்கையாளரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எந்த வரிசையில் தேட வேண்டும்

ஏ.சி. வேலைக்கென்று இருக்கும், கேஸை எடுத்து எடை பார்க்கும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். “கேஸ் போடுங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். “கசிவைக் கண்டுபிடித்துத் தாருங்கள், அதற்கான கூலி தனி” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பேச்சையே மாற்றிவிடும். தேடுவதற்குக் கூலி இல்லை என்றால் யாரும் தேட மாட்டார்கள், நிரப்பிவிட்டு அனுப்புவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

முதல் தேடலை இப்போது மிச்சம் இருக்கும் கேஸை வைத்தே செய்யலாம். இன்ஜின் நின்ற நிலையில் உள்ளே 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் மோப்பக் கருவிக்குப் போதும், உங்களிடம் 95 இருக்கிறது. முதலில் கண்ணால் பார்ப்பது: எண்ணெய்ப் பிசுக்கு, உரசிய குழாய், ஹோஸின் அழுத்திய முனைகள், கம்ப்ரஸரின் கிளட்ச் பக்கம். கேஜ் மாட்டும் இரண்டு வாய்களையும் மறக்கக் கூடாது. அதற்குள் இருப்பது டயர் வால்வு மாதிரி ஒரு சின்ன ஊசி வால்வுதான். மேலே உள்ள மூடியும் சேர்ந்துதான் அதை அடைக்கிறது. மூன்று முறை கேஸ் போட்டவர்களில் யாராவது ஒருவர் மூடியைத் தொலைத்திருக்கலாம், அல்லது வால்வில் தூசி மாட்டியிருக்கலாம். மிக மலிவான கசிவு அது, இருந்தால் உங்களுக்கு யோகம்.

அடுத்தது மோப்பக் கருவி. ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் *கீழே* முகர வேண்டும். முனையை நொடிக்கு ஒன்று இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்த்தக் கூடாது, பாகத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். காற்றாடி ஓடக் கூடாது. வேகமாக ஆட்டிக்கொண்டு போகிறவர் தேடவில்லை, தேடுவதுபோலக் காட்டுகிறார். கருவி கத்தினால் நல்ல காற்றுக்கு எடுத்துப்போய், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும் ரசாயனம், கண்ணாடி கழுவும் திரவத்தின் ஆல்கஹால், வாசனைத் திரவம் எல்லாம் பொய் அலாரம் தரும். அதனால் முந்தின நாள் இன்ஜின் அறையைப் பளபளவென்று கழுவிவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய்த் தடயமும் போய்விடும்.

உயர் அழுத்தப் பக்கத்தை ஏ.சி.யை நன்றாக ஓடவிட்டு நிறுத்திய உடனே பார்ப்பது நல்லது, அழுத்தம் அப்போது மேலே இருக்கும். கூலிங் காயிலும் தாழ் அழுத்தப் பக்கமும் நேர் எதிர். ஓடும்போது அங்கே இரண்டு மூன்று பார்தான், நின்றபின் அழுத்தம் சமமாகி ஆறு பாருக்கு மேல் போகும். எனவே அவற்றை ஓய்வில்தான் தேட வேண்டும். சந்தேகமான பாகத்தை பாலிதீன் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அடியில் சின்னத் துளை போட்டு முகர்ந்தால் சிறு கசிவும் மாட்டும்.

இதிலும் அகப்படவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, புற ஊதா விளக்கில் மஞ்சள்-பச்சையாக ஒளிரும் சாயத்தை எண்ணெயோடு ஏற்றிச் சில நாள் ஓட்டிவிட்டுப் பார்ப்பது. ஓடும்போது மட்டும் கசியும் தண்டு சீலுக்கு இது நல்ல முறை. உங்கள் வண்டியில் ஏற்கெனவே சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய கறையைப் புதுக் கசிவு என்று நினைத்துவிடலாம், சாயத்தை மேலும் மேலும் ஏற்றுவது எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். இரண்டாவது, கேஸை முழுதும் எடுத்துவிட்டு உலர் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. ஐந்து சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனும் அதற்கான மோப்பக் கருவியும் இருந்தால் இன்னும் சுலபம். நைட்ரஜன்தான், ரெகுலேட்டரோடுதான். யாராவது டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்ட வந்தால் தடுங்கள்: ஈரம் உள்ளே போகும், அதோடு அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ தீப்பற்றக்கூடிய கலவையாக மாறலாம். ஆக்சிஜன் சிலிண்டர் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எண்ணெயும் அழுத்தமேற்றிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

கேஸை எடுக்கும்போது எத்தனை கிராம் வந்தது என்று எழுதி வாங்குங்கள். எண்ணெயில் கரைந்தது கொஞ்சம் உள்ளேயே தங்கும், அதனால் எண் துல்லியமாக இராது; ஆனாலும் என் 240 கிராம் ஊகம் சரியா தப்பா என்று அப்போது தெரிந்துவிடும். வாய்ப்பு இருந்தால், எடுக்கும் முன் அது என்ன கேஸ் என்று அடையாளம் காணும் கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் ஆர்-134ஏ என்று சொல்லிவிட்டு எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கேஸைக் கலந்து போடுகிறார்கள். அது காருக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். மிச்சக் கேஸை “வால்வை அமுக்கி வெளியே விட்டுவிடலாம்” என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு. உங்கள் வண்டியின் 480 கிராம் காற்றில் போனால் சுமார் 690 கிலோ கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம்.

கூலிங் காயில் என்று மறுபடியும் சொன்னால்

மூன்றாமவரின் வாதம், ‘வெளியே காணோம், அதனால் உள்ளே’. வெளியே ஒழுங்காகத் தேடியிருந்தால் அந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. காயிலுக்குத் தனிச் சோதனையே இருக்கிறது. புளோயரை முழு வேகத்தில் 15 நொடி ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கேஸ் பெட்டிக்குள் சேரப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர் வடியும் குழாய் வழியாகவோ, புளோயரின் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றிய துளை வழியாகவோ முனையை விட்டுப் பார்க்க வேண்டும். வடிகுழாயில் தண்ணீர் இருக்கக் கூடாது. கருவி உறிஞ்சினால் கெட்டுப்போகும். இங்கே திரும்பத் திரும்பக் கத்தி, அதே நேரம் இன்ஜின் பக்கம் எக்ஸ்பான்ஷன் வால்வு இணைப்பில் கத்தாமல் இருந்தால் காயில்மேல் பழி போடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் காயிலைத் தனியாக அடைத்து நைட்ரஜன் கொடுத்துப் பார்க்கலாம். இவை எதுவும் செய்யாமல் டேஷ்போர்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். எட்டு வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் திரும்பப் பழைய மாதிரி உட்காராது. உடையாமல் வந்தால் மெக்கானிக் கைராசிக்காரர்.

அண்ணனின் டப்பா மருந்து

அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அந்த மருந்துகளில் ஒரு வகை, வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் இறுகும். உங்கள் ஏ.சி.க்குள் ஈரம் இருந்தால் அது எங்கே இறுகும் என்று யார் சொல்ல முடியும்? எக்ஸ்பான்ஷன் வால்வின் துளை மயிரிழை அளவு. அங்கே இறுகினால் கசிவோடு அடைப்பும் சேரும். கண்டென்சரில் நாளுக்கு ஐந்து கிராம் போகும் ஓட்டையை, பத்துப் பதினைந்து பார் அழுத்தத்தில், அது பிடித்து நிறுத்தும் என்றும் நான் நம்பவில்லை. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: இந்த மருந்து ஏறிய வண்டியைப் பல நல்ல பட்டறைகள் தொடவே மாட்டார்கள், அவர்களுடைய இயந்திரத்தை அது கெடுத்துவிடும் என்று. நாளைக்கு முறையான வேலைக்குப் போகும்போது கதவு சாத்தப்பட்டிருக்கும்.

பிள்ளையும் அந்த இனிப்பு வாடையும்

இந்த பயத்தைத்தான் முதலில் போக்கியிருக்க வேண்டும், பிந்திவிட்டேன். ஆர்-134ஏயின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. பல ஆஸ்துமா இன்ஹேலர்களில் மருந்தைத் தள்ளும் வாயுவே அதுதான், மருத்துவத் தூய்மையில். நாளுக்கு ஐந்து கிராம், அதுவும் பெரும்பாலும் காருக்கு வெளியே போகிறது என்றால் அதற்காகப் பிள்ளையைக் காரில் ஏற்றப் பயப்பட வேண்டாம். நெருப்போ மிகச் சூடான உலோகமோ அதன்மேல் பட்டால் மட்டும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற கெட்ட வாயுக்கள் உண்டாகும். கசிவு தேடும் இடத்தில் சிகரெட், லைட்டர் கூடாது. திரவமாகப் பீறிட்டால் தோலும் கண்ணும் உறைந்துபோகும் (அது மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது), அதனால் வால்வுகளை நீங்களே நோண்டாதீர்கள்.

அடியில் சொட்டிய தண்ணீர் காற்றிலிருந்து காயிலில் படிந்த ஈரம், ஏ.சி. ஆரோக்கியமாக வேலை செய்ததற்கு அதுவே சாட்சி. கேஸ் ஒருபோதும் தண்ணீராகச் சொட்டாது.

ஆனால் அந்த இனிப்பு வாடையை லேசாக விட மாட்டேன். ஆர்-134ஏக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. புளித்த வாடை என்றால் காயிலில் பூசணம் என்று சொல்லியிருப்பேன். இனிப்பு வாடை என்றால் நான் சந்தேகப்படுவது ரேடியேட்டர் கூலன்ட். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே காருக்குள் சூடான காற்றைத் தரும் ஹீட்டர் கோர் இருக்கிறது, அதில் ஓடுவது கூலன்ட். முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்போல ஒரு மங்கல் படிகிறதா? முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பு பிசுபிசுக்கிறதா? இன்ஜின் முழுதும் ஆறியபின் கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அளவு குறைந்துகொண்டே போனால் ஹீட்டர் கோரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூலன்ட் ஆவியைப் பிள்ளை சுவாசிப்பது நல்லதல்ல. மூச்சுத்திணறல் கூடியிருந்தால் மருத்துவரிடம் போவதைக் காருக்காகத் தள்ளிப்போடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், ஹீட்டர் கோர்தான் கசிகிறது என்று உறுதியானால் மூன்றாமவர் சொன்னபடி டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய நிலைமை வரலாம், அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. அப்படித் திறக்க நேர்ந்தால் கூலிங் காயிலையும் அதே கூலியில் சோதித்துவிடச் சொல்லுங்கள்.

கண்டென்சர்தான் என்று உறுதியானால்

கசியும் இடத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கண்டென்சரைப் பற்றவைத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, அரித்துப்போன உலோகம் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் விட்டுவிடும். புதிது போடும்போது ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், திறந்த இணைப்புகளின் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். 14 மாதமாக எண்ணெயும் கசிந்திருக்கிறது. எவ்வளவு சேர்க்கிறார்கள், எந்த வகை என்று கேளுங்கள். எண்ணெய் குறைந்து கம்ப்ரஸர் இறுகிப்போனால் அதிலிருந்து உதிரும் உலோகத்தூள் மற்ற பாகங்களையும் கெடுக்கும். கடைசியாக 480 கிராமைத் தராசில் வைத்துப் போட வேண்டும், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக அல்ல. கழற்றிய பழைய கண்டென்சரைக் கேட்டு வாங்குங்கள், ரசீதில் எடுத்த கிராமும் போட்ட கிராமும் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து மோப்பக் கருவியால் மறுபடி ஒரு தடவை பார்த்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும் வரை ஏ.சி. பட்டனை அணைத்து வையுங்கள், கேஸ் குறைந்த நிலையில் கம்ப்ரஸருக்கு எண்ணெய் சரியாகத் திரும்பி வராது. முன் கண்ணாடியின் பனியை நீக்கும் பட்டனிலும் கவனம் இருக்கட்டும்: பல கார்களில் அதை அமுக்கினால் ஏ.சி. விளக்கு எரியாவிட்டாலும் கம்ப்ரஸர் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.